கற்றல், சேவை, சமூக நீதி: செங்கல்பட்டு அருட்பணி மரபும் சபைகளின் வரும் ஆண்டுத் திட்டமும்

குருசேகரங்கள் பல வரும் ஆண்டுக்கான செயல்திட்டத்தை வகுக்குங்கால் அதனைக் கற்றல், சேவை, சமூக நீதி என்னும் மூன்று தலைப்புகளின்கீழ் அடக்குவது வழக்கமாகிவிட்டது. கற்றலின்கீழ் திருமறை வகுப்பும் இளைஞர் முகாமும் வருகின்றன. சேவையின்கீழ் மருத்துவ முகாமும் சீருடை வழங்கலும். சமூக நீதியின்கீழ் ஒரு ஞாயிறும் ஒரு கருத்தரங்கும். கணக்கெழுதுவோர்க்கு இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் இது எத்துணைப் பழுதுடையது என்பதை அறியப் பிரெஸ்பிட்டேரிய மரபில் தோன்றிய செங்கல்பட்டுச் சபைகளின் வரலாறே போதுமானது என்று கருதுகிறோம்.

செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் அருட்பணி, பின்னர் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தது. ஆகவே இன்று அங்குப் பிரெஸ்பிட்டேரியப் பெயர்ப்பலகையைத் தேடுவோர் ஏமாறுவர். பள்ளிகளிலும் ஊர்ப்பெயர்களிலும் நில ஆவணங்களிலுமே அம்மரபு எஞ்சி நிற்கிறது. அந்த நில ஆவணங்களே நம் கவனத்துக்குரியவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு உழைத்த ஆடம் ஆண்ட்ரு ஐயர் பறையர் குடியிருப்புகளில் நற்செய்தி அறிவிக்கச் சென்றவர். அம்மக்கள் அவரிடம் திருமுழுக்கையும் நிலத்தையும் ஒரே மூச்சில் கேட்டனர். மிராசுதாரரிடம் கடன்பட்டுப் படியாளாகக் கட்டுண்டவனுக்குக் குடிசை நிற்கும் மனைகூடச் சொந்தமன்று. முறைத்தால் மனையைவிட்டே வெளியேற்றப்படுவான். தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் அன்றைய தர்க்காஸ்து விதிகளின்படி ஊரின் மிராசுதாரருக்கும் பட்டாதாரருக்குமே முதலுரிமை. இவற்றைப் புரிந்துகொள்ள ஆண்ட்ரு ஐயர் கிராமக் கணக்கையும் வருவாய் விதிகளையும் கற்க நேர்ந்தது. எந்த இறையியல் கல்லூரியும் அவருக்கு இப்பாடத்தை வைத்திருக்கவில்லை. கற்பித்தவர்கள் எழுத்தறியாத படியாட்கள்.

அவரும், அண்டை வட்டாரத்தில் உழைத்த வெஸ்லியன் அருட்பணியாளர் வில்லியம் கௌடியும், மற்றோரும் சென்னை அரசின் கவனத்துக்கு இச்செய்திகளைக் கொண்டு சென்றனர். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றிய தம் குறிப்பை எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியான 1010 எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணை அதன் விளைவே. ஒடுக்கப்பட்டோர்க்கு நிபந்தனைப் பட்டாவில் நிலம் ஒதுக்கப்படும், பத்தாண்டுகள் விற்கலாகாது, பின்னர் விற்பினும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்க வேண்டும். பஞ்சமி நிலம் என்று இன்றளவும் நாம் வழங்குவது இதனையே. வாசகர் இங்கு ஒன்றைக் கருதிப் பார்க்கட்டும்: இம்முயற்சியில் எங்கே கற்றல் முடிந்து சேவை தொடங்கிற்று? எங்கே சேவை முடிந்து நீதி தொடங்கிற்று?

எனினும் இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக்கிச் சூடிக்கொள்ளத் துடிப்போர் பலர். அவர்கள் ரூபா விஸ்வநாத் 2014இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி பறையா ப்ராப்ளம்’ என்னும் ஆய்வு நூலைப் படித்தல் நலம். சென்னை மாகாணத்து ஆவணங்களை ஆழ்ந்து கற்று எழுதப்பெற்ற அந்நூல் அருட்பணியாளரை வெறுமனே போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. சாதியைச் சமயத்தின் பாற்பட்ட ஒன்றாக அவர்கள் விளக்கியமை, சமயத்தில் தலையிடோம் என்ற அரசுக்கு எவ்வாறு வாய்ப்பாயிற்று என்பதை அது காட்டுகிறது. நிலம் வேண்டி வந்தவனுடைய மனமாற்றம் மெய்யானதா என்று ஐயுற்றுச் சோதித்த மனப்பான்மையையும் அது விடாமல் ஆராய்கிறது. வயிற்றுக்காக வந்தவன், ஆன்மாவுக்காக வந்தவன் என்று ஆளைப் பகுக்கும் பழக்கம் அங்கே வேர்கொண்டது. நம் ஆண்டுத் திட்டத்தின் மூன்று தலைப்புகளும் அப்பழக்கத்தின் பேரப்பிள்ளைகள் எனலாம்.

நூலாசிரியர் வரலாற்றாய்வாளர், திருச்சபை என்ன செய்ய வேண்டும் என்று கூறுவது அவர் கடமையன்று. ஆனால் அவர் தொட்ட இடத்தை இறையியல் நோக்கில் மேலும் தோண்ட வேண்டியுள்ளது. ஆண்டவர் கற்பித்த மன்றாட்டு அப்பத்தையும் கடனையும் அடுத்தடுத்து வைக்கிறது. பழைய தமிழ்த் திருமறையில் அங்கு வரும் சொல் ‘கடன்’ என்பதே. படியாளுக்கு அச்சொல்லின் பொருளை எந்தப் போதகரும் விளக்க வேண்டியிருந்திராது. நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரமும் இவ்வாறே. வயலையும் வீட்டையும் அடகுவைத்த மக்களின் கூக்குரலைக் கேட்ட தலைவர் அவர்களுக்குத் தானியம் அளந்து அனுப்பியதோடு அமையவில்லை. கடன் கொடுத்தோரைச் சபையில் நிறுத்தி நிலத்தைத் திருப்பிக் கேட்டார். ஒடுக்கப்பட்டோர் நிலமும் மீட்பும் சேர்த்துக் கேட்டதை அருட்பணி அறிக்கைகள் கலப்படமான நோக்கம் என்று குறித்திருக்கலாம். திருமறையில் அது கலப்படமாகத் தோன்றவில்லை.

அருட்பணி மரபின் மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். ஆண்ட்ரு ஐயர் அரசிடம் நிலம் கேட்டதோடு நில்லாமல், மெல்ரோசாபுரம் போன்ற இடங்களில் கிறிஸ்தவ உழவர் குடியேற்றங்களையும் அமைத்தார். அன்பினால் எழுந்த முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருச்சபை நிலம் வாங்கிக் குடியமர்த்தும் இடத்தில் திருச்சபையே நிலக்கிழாராகிறது. உழுபவன் தன் போதகருக்கே குடியானவனாகிறான். உரிமையாகக் கேட்டது தயவாகக் கிடைக்கிறது. பழைய மிராசுதாரரை எதிர்க்கத் துணிந்தவன் தன் ஆயரிடம் எப்படி வழக்காடுவான்? அன்று புன்செய்க் காடாயிருந்த அவ்வட்டாரம் இன்று மறைமலைநகர் தொழிற்பேட்டைகளின் அருகில் உள்ளது. சென்ட் கணக்கில் விலைபேசப்படும் நிலங்களிடையே அருட்பணி நிலங்களின் ஆவணங்களை யார் படிக்கிறார்கள் என்பது வெறும் வரலாற்றுக் கேள்வியன்று.

சேவைத் துறையிலும் இதே குறையைக் காண்கிறோம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் எழுந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ஸ்காட்லாந்து அருட்பணி நடத்திற்று. 1955இல் அது நடுவண் அரசின் ஆய்வு, பயிற்சி நிலையமாயிற்று. பிறர் தொட அஞ்சிய புண்களைக் கழுவிய கைகளை வணங்குகிறோம். ஆனால் நோயாளரை ஒதுக்கிவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது 2016இல். மணமுறிவுக்குரிய காரணங்களிலிருந்து தொழுநோய் அகற்றப்பட்டது 2019இல். மருந்தோ 1980களிலேயே நோயைக் குணமாக்கும் நிலையை எட்டிவிட்டது. புண்ணைக் கழுவுவது சேவை, சட்டத்தைத் திருத்தக் கேட்பது வேறு துறை என்று பகுத்ததன் விலை அந்த ஆண்டுகள்.

மாமல்லபுரக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் படகும் வலையும் வீடும் வழங்கியோருள் சபைகளும் உண்டு. படகு இழந்தவருக்குப் படகு கிடைத்தது. படகே இல்லாதவர், கரைக்குப் பின்னால் கூலி செய்து வாழ்ந்த தலித் மக்களும் இருளரும், பட்டியல்களில் விடுபட்டனர் என்பது தமிழகக் கடற்கரை முழுவதும் அக்காலத்தே பதிவான குறை. வலையுலர்த்தும் மணல்வெளி எவர் பெயரிலும் பட்டாவாக இல்லாமையால் விடுதிகளும் வேலிகளும் நெருங்கும்போது மீனவரும் வாதிட ஆவணமின்றி நிற்கின்றனர். நிவாரணப் பொதிகளோடு போனவர்கள் இதைக் கற்று வந்திருந்தால் வரும் ஆண்டுத் திட்டம் வேறு விதமாயிருக்கும்.

1892 ஆணையின் கதையும் அத்தோடு முடியவில்லை. மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். அவர்கள் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று இரு திருத்தூதரின் பெயர்களைச் சேர்த்த பெயர். மற்றது திருவேங்கட மலையின் பெயர். நிலம் கேட்டவர்களைச் சமயம் பிரிக்கவில்லை. பிரித்தது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையே. ஆண்ட்ரு ஐயர் காலத்தில் திருமுழுக்குப் பெற்ற பறையர் குடும்பங்களின் வழிவந்தோர் கிறிஸ்தவராய் இருக்கும்வரை பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுவதில்லை. ஆண்டுதோறும் கறுப்புத் துணி அணிந்து இதைக் கண்டிக்கும் சபைகள், தம் எல்லைக்குள் எத்தனை ஏக்கர் நிபந்தனைப் பட்டா நிலம் யார் கையில் உள்ளது என்று கேட்டால் விழிக்கின்றன. கறுப்புத் துணி அணிவதைவிடக் கடினமான பணி அது. ஆகையால்தான் திட்டத்தில் இடம்பெறுவதில்லை போலும்.

வரும் ஆண்டுத் திட்டத்தைத் திருத்தி எழுத இன்னும் காலமிருக்கிறது. திருமறை வகுப்புகளில் நான்கையேனும் கிராம ‘அ’ பதிவேட்டைப் படிக்கும் வகுப்புகளாக்கலாம். நெகேமியாவை அருகில் வைத்தே படிக்கலாம். 1979 முதல் நடந்த நிலப்பதிவு மேம்பாட்டுப் பணியில் பழைய பதிவேட்டிலிருந்த நிபந்தனைக் குறிப்புகள் பல இடங்களில் மறைந்தன என்னும் முறையீடு நெடுநாளாக உள்ளது. பழையதையும் புதியதையும் ஒப்பிடக் கணக்கறிந்த இளைஞர் சபைகளில் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்தான் கட்டணம். மருத்துவ முகாம் செல்லும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் இருளர் குடும்பம் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தால், இரத்த அழுத்தத்தோடு அதையும் குறித்துக்கொண்டு வரலாம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனை அழித்து ஆளை விடுவிக்கச் சொல்கிறது. முதல் வகுப்புக்கு எந்த ஊரின் பதிவேட்டை எடுப்பது என்று குருசேகரக் குழு கேட்குமாயின், நம் விடை இது: சபைக்கு எந்த ஊரில் நிலம் இருக்கிறதோ அந்த ஊருடையதை.