வெள்ளிமலை பஸ்ஸுக்கு எந்த அட்டை?

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையேறும் பஸ்ஸில் நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முதலில் தாளைப் பார்ப்பார், பிறகு தன் தோல் பையைப் பார்ப்பார். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் பாக்கியை எழுதிக் கொடுப்பார். "இறங்கும்போது வாங்கிக்கோம்மா." வெள்ளிமலையில் எல்லாரும் முண்டியடித்து இறங்கும்போது, தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக இருக்கும் பெண் அந்தத் துண்டுச் சீட்டை எங்கே தேடுவாள்? விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். கடலைக் கடந்து இலங்கைக்குப் போனாலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்து பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டால் "இறங்கேக்க வாங்குங்கோ" என்பார்கள். அங்கே தனியார் பஸ்களில் பல நேரம் டிக்கெட்டே கிழிப்பதில்லை என்பது பயணிகளின் நெடுநாள் குறை.

இரண்டு நாடும் இதற்கு அட்டையைத்தான் வழியாகக் கண்டிருக்கின்றன. ஆனால் அட்டைக்குள் யார் பணம், எங்கே இருக்கிறது என்பதில் இரண்டும் வேறு வேறு பாதை.

சென்னையில் 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலுக்கு வந்த சிங்கார சென்னை அட்டை, 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. பணத்தை முன்னதாகவே ஏற்றி வைக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து போய் சென்னைக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவருக்கு முதல் சிக்கல் இங்கேதான்: போனில் பணம் கட்டினால் அது உடனே அட்டைக்குள் வந்துவிடாது. அதற்கான கருவியில் ஒருமுறை அட்டையை வைத்தால்தான் ஏறும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, அட்டையிலோ இருப்பு இல்லை என்று நடத்துநர் சொல்கிறார். இடையில் நிற்பவர் என்ன செய்வார்? ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் இந்த வகைப் பயண அட்டைகளை அடையாள ஆவணம் கேட்காமலே கொடுக்க அனுமதித்தது. எளிய மக்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகபட்சம் 3,000 ரூபாய் இருப்பு வைக்கலாம் என்று சொன்ன அதே விதி, மீதியைப் பணமாக எடுக்கவோ திருப்பி வாங்கவோ முடியாது என்றும் சொல்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை சென்னைக்குப் போகிற மலைவாசிக்கு அது முடங்கிய பணம். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிய பாக்கிக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இலங்கை 2025 நவம்பரில் மாகும்புர போக்குவரத்து நிலையத்தில் தொடங்கிய ஏற்பாட்டில், கையிலிருக்கும் வங்கி அட்டையையே பஸ்ஸில் தட்டிக் கட்டணம் கட்டலாம். தனி அட்டை வேண்டாம், முன்பணமும் வேண்டாம். பயணியின் பணம் கடைசி நிமிஷம் வரை பயணியின் கணக்கிலேயே இருக்கிறது. நகரத்துக்கு இதுவே சரியான வழி என்பேன். ஆனால் வங்கி அட்டையைப் பயன்படுத்திப் பழக்கமில்லாத மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. அவர் கையில் இன்னும் காசுதான்.

கல்வராயன் மலைக்கு வந்தால் கணக்கே மாறிப் போகிறது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 2024 முதல் படிப்படியாக வந்துகொண்டிருக்கும் புதிய டிக்கெட் கருவிகளில் போனைக் காட்டிப் பணம் கட்டலாம். அதற்கு சிக்னல் வேண்டும். மலைக்குள் பல ஊர்களில் அது கிடைப்பதே அரிது. சிங்கார சென்னை போன்ற அட்டையிலோ இருப்பு அட்டையின் சில்லுக்குள்ளேயே பதிவாகியிருப்பதால், கட்டணம் கழிக்க அந்த நேரத்தில் சிக்னல் தேவையில்லை. ஆக, மலைக்குப் பொருந்துகிற அட்டையை நாலாபக்கமும் சிக்னல் இருக்கிற சென்னையில் கொடுத்திருக்கிறோம். சிக்னல் இல்லாத மலைக்கு, சிக்னலை நம்பியிருக்கும் வழியை அனுப்பியிருக்கிறோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்த பின்புதான் அவர்களின் அடிப்படை வசதிகள் பற்றி ஊரே பேசியது. அட்டை விஷயத்திலும் இந்த மலை கடைசியாகத்தான் நினைவுக்கு வர வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது, என்னை அதிகம் வருத்துவது அதுதான். இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் சலுகை விலையில் முன்னதாகவே பணம் கட்டி, இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சீசன் டிக்கெட் வாங்குகிறார்கள். சீசன் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் பஸ் நிற்காமல் போகிறது என்ற புகார் அங்கே ஓயாமல் எழுகிறது. இங்கே 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெண்கள் கூட்டமாக நின்றால் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நிறுத்துவது இங்கேயும் பழகிப்போன காட்சி. காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் விழும் காசுதான் வசூல் என்று எண்ணப்படுகிறது. வசூலைப் பார்த்துத்தான் ஓட்டுநர், நடத்துநருக்குப் பேட்டா என்னும் ஊக்கப்படி என்ற நினைப்பு. முன்னதாகக் கட்டிய பணமும், அரசு ஈடுகட்டும் பணமும் அந்தக் கையில் விழுவதில்லை.

நட்டம் வரும் கிராமத் தடங்களில் பஸ் ஓட்டுவதற்கே மானியம் கொடுக்கும் 'கெமி சரிய' திட்டம் இலங்கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக 2005 முதல் 'சிசு சரிய' ஓடுகிறது. குறைகள் அவற்றிலும் உண்டு. ஆனாலும் வண்டி ஓடியதற்குக் கூலி என்ற எண்ணம் அவற்றில் இருக்கிறது. நம் மலைத்தடங்களுக்கு அந்த எண்ணம் கட்டாயம் வேண்டும்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்ட அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மலைத்தடங்களுக்கு அட்டை கொண்டுவரும்போது, நடத்துநரே காசு வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே அட்டையில் ஏற்றித் தரட்டும். இருப்பு குறைந்தாலும் ஒரு பயணத்துக்கு விடுங்கள், அடுத்த முறை கழித்துக்கொள்ளலாம். மாணவர் பாஸையும் பெண்களின் கட்டணமில்லாப் பயணத்தையும் அதே கருவியில் பதிந்து, ஓட்டுநர், நடத்துநர் பேட்டாவில் அவற்றையும் வசூலாகச் சேருங்கள். காசு கொடுப்பவரிடம் காசு வாங்குவதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். முதல் சோதனையைக் கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை தடத்தில் செய்யுங்கள்.