விரைவுச் சோதனைகள்: விரைவு எதில்?

உணவில் உள்ள தீய பாக்டீரியாவைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும் சோதனைகள் வந்துவிட்டன என்ற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். பழைய வளர்ப்பு முறையில் சால்மொனெல்லா இருப்பதை உறுதி செய்ய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதனோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே. எனினும் ‘விரைவு’ என்ற சொல்லைச் சற்று எடைபோட்டுப் பார்ப்போம்.

பல உணவுகளில் 25 கிராமில் ஒரு சால்மொனெல்லாகூட இருத்தல் ஆகாது என்பது விதி. 1983இல் காரி முல்லிஸ் உருவாக்கிய பி.சி.ஆர். முறை, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டும். ஆனால் அக்கருவிக்குள் செல்லும் கரைசல் சில மைக்ரோ லிட்டர்தான். ஒரு துளியிலும் குறைவு. 25 கிராமில் ஒளிந்துள்ள ஒற்றை உயிரி அதில் அகப்படுமா? பெரும்பாலும் அகப்படாது. ஆகவே, முதலில் உணவை ஊட்டக் கரைசலில் இட்டு, ஏறத்தாழ ஒரு நாள் பாக்டீரியாவைப் பெருகவிடுகிறார்கள். ‘சில மணி நேரம்’ என்பது பெரும்பாலும் அதற்குப் பின் ஆகும் நேரமே. மேலும், இறந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் பி.சி.ஆர். காட்டக்கூடும்.

இதைவிட முக்கியமான கேள்வி, எந்த உணவைச் சோதிப்பது என்பது. 2011இல் ஜெர்மனியில் ஓ104:எச்4 என்னும் ஈ. கோலை வகை பரவியது. சுமார் 3,900 பேர் நோயுற்றனர். 50 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காயில் நச்சு உண்டாக்கும் ஈ. கோலை இருப்பதாக மே 26 அன்று ஹாம்பர்க் நகர அதிகாரிகள் அறிவித்தனர். மே 31 அன்று, அது நோயைப் பரப்பிய வகை அன்று எனத் தெரிந்தது. அதற்குள் வெள்ளரி வாணிகம் சரிந்துவிட்டது. காய்கறி விவசாயிகளின் இழப்பை ஈடுசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது.

உண்மையான காரணம் எவ்வாறு தெரிந்தது? ஒரே உணவகத்தில் உண்டவர்கள் எந்தெந்தப் பண்டங்களைக் கேட்டு வாங்கினார்கள், சமையற்காரர் அவற்றில் என்னென்ன சேர்த்தார் என்று விசாரித்தார்கள். முளைகட்டிய தானியம் உண்டவர்களே நோயுற்றிருந்தனர். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை வரை தடம் சென்றது. பொறுமையான விசாரணையே ஆய்வுக்கூடத்துக்கு வழி காட்டியது.

அதனால் விரைவுச் சோதனை வேண்டாம் என்பதா? இல்லை. ஆராய்ச்சி முனைய வேண்டிய இடம் வேறு என்பதே நம் கருத்து. எதிர்ப்புரதம் பூசிய காந்த மணிகளைக் கொண்டு பாக்டீரியாவை உணவிலிருந்து பிரித்துத் திரட்டும் முறை இப்போதே உள்ளது. இத்தகைய முறைகள் செம்மையுற்றால், பெருகவிடும் அந்த ஒரு நாள் குறையும். புதிய கருவி ஒன்றைப் பற்றி இனிப் படிக்கும்போது, உணவு கைக்கு வந்த நேரத்திலிருந்து விடை கிடைக்கும் வரை எத்தனை மணி என்று கேளுங்கள். அதுவே உண்மையான கணக்கு.