காலி உறையில் வந்த பரிசு

மார்வெல் காமிக்ஸின் 1960களின் இதழ்கள் கையில் கிடைத்தால் கதையை விட்டுவிட்டு முதலில் வாசகர் கடிதப் பக்கத்துக்குத்தான் போவேன். 'அன்புள்ள ஆசிரியருக்கு' என்ற சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், ஸ்டான், ஜாக் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள் என்றார் ஆசிரியர் ஸ்டான் லீ. ஜாக் என்பது ஓவியர் ஜாக் கிர்பி. அதோடு வாசகருக்கும் அவர்களுக்கும் இடையே பாதி தூரம் குறைந்துவிட்டது.

லீ பதில் சொல்லும் அழகைப் பாருங்கள். மார்வெல் கதைகளில் ஹல்க் என்ற ராட்சதனாக மாறும் விஞ்ஞானியின் பெயர் புரூஸ் பானர். 1964இல் லீ ஞாபகமறதியாக அவரை 'பாப் பானர்' என்று எழுதிவிட்டார். வாசகர்கள் விடுவார்களா? லீ மழுப்பவில்லை. விஞ்ஞானியின் முழுப்பெயர் ராபர்ட் புரூஸ் பானர் என்று அறிவித்தார். ராபர்ட்டைச் செல்லமாக பாப் என்பது அங்கே வழக்கம்தானே! இன்றுவரை அந்தப் பெயரே நிலைத்திருக்கிறது.

கதையிலுள்ள ஓட்டையைக் கண்டுபிடித்து, அது ஓட்டையே அல்ல என்று காரணமும் காட்டிய வாசகர்களுக்கு 'நோ-பிரைஸ்' என்றொரு பரிசு. தபாலில் வரும் உறையின் மேல் வாழ்த்து அச்சாகியிருக்கும், உள்ளே ஒன்றுமே இருக்காது. பணம் அனுப்பியிருந்தால்கூட அத்தனை பெருமையாக இருந்திருக்காது என்பேன்.

1963இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 20ஆம் இதழில் ஒரு பள்ளி மாணவனின் பாராட்டுக் கடிதம் முகவரியோடு வெளியானது. எழுதியவர், பிற்காலத்தில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அந்த முகவரியைப் பார்த்து ரசிகர்கள் நடத்திய சிற்றிதழ்கள் அவரைத் தேடி வந்தன. அவரும் அவற்றுக்குக் கதை எழுத ஆரம்பித்தார்.