ஏழாவது ஆள்

ஹட்டனில் தகரக் கூரைமேல் விடாத மழை. சிட்னி லூமெட்டின் 'டுவெல்வ் ஆங்ரி மென்' (1957) படத்தை மறுபடி பார்த்தேன். கொலை வழக்கில் சிக்கிய ஒரு பையன் 'குற்றவாளி' என்று ஜூரர்களின் பதினொரு கைகள் உயர்கின்றன. எட்டாம் இலக்க ஜூரர் ஹென்றி ஃபோண்டா மட்டும் உயர்த்தவில்லை. பையன் நிரபராதி என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கொஞ்சம் பேசுவோம் என்கிறார், அவ்வளவுதான். கொலைக்குப் பயன்பட்ட கத்தி மாதிரி வேறெங்கும் கிடைக்காது என்று மற்றவர்கள் சாதிக்கிறார்கள். அவர் பையிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்து மேசையில் குத்துகிறார். இரண்டு கத்திகளும் அருகருகே நிற்கும் அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு நின்றுபோகும்.

நம் இலங்கைச் சட்டத்தில் ஜூரர்கள் ஏழு பேர். படத்தில் போல எல்லோரும் ஒருமனதாக இருக்க வேண்டியதில்லை; ஐந்துக்கு இரண்டு என்றாலே தீர்ப்புச் செல்லும். ஒத்துப்போகாத ஒருவர் பேசுவதைக் கேட்க இங்கே மற்ற ஆறு பேருக்கும் கட்டாயமே இல்லை. ஜூரி வழக்கு என்று கேள்விப்படும்போதெல்லாம் அந்த ஏழாவது ஆளை நினைத்து மனம் பதறுகிறது.