கூட்டம் இருக்கும் இடத்துக்குக் கோப்பை போகட்டும்

2023 மார்ச் 4 அன்று சவுதி அரேபியாவின் ரியாத் நகரில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்ற கணக்கில் வென்று, மாநில அணிகள் மோதும் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை 54 ஆண்டுகளுக்குப் பிறகு கைப்பற்றியது. ஐந்து கோல்கள் விழுந்த விறுவிறுப்பான ஆட்டம். ஆனால் அறுபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய மன்னர் ஃபஹத் அரங்கின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன், 2022 மே 2 அன்று, மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் இதே கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தபோது உட்கார இடமில்லை. கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வீழ்த்தியதை 26,000-க்கும் மேற்பட்டோர் நேரில் பார்த்தார்கள். கோப்பை அதேதான், ஆடியவர்களின் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓராண்டுக்குள் ரசிகர்கள் ஆர்வத்தை இழந்துவிட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆட்டத்தை அவர்கள் எட்ட முடியாத இடத்துக்குக் கொண்டுபோனோம் என்பதே உண்மை. உள்நாட்டுப் போட்டிகளின் இறுதிக்கட்டம் வெறிச்சோடுவதைப் பற்றிய எந்த விவாதமும் இந்த இரண்டு ஆட்டங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1941-ல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை, நீண்ட காலம் இந்தியக் கால்பந்தின் திருவிழாவாக இருந்தது. 1973 டிசம்பரில் கொச்சி மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேப்டன் மணியின் ஹாட்ரிக்கால் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதல் பட்டத்தைப் பெற்றதை அந்த மாநிலம் இன்றும் பேசுகிறது. பிறகு தேசிய லீக், ஐ-லீக், 2014 முதல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) என்று கிளப் போட்டிகள் வளர்ந்தன. முன்னணி வீரர்கள் மாநில அணிச் சட்டையைப் போடுவது அரிதாகி, கோப்பை மெல்ல இரண்டாம் தரப் போட்டியாகப் பார்க்கப்பட்டது. அதை மீட்பதற்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் எடுத்த வழிதான் ரியாத். அரங்கு பெரிதாக இருந்தால் ஆட்டமும் பெரிதாகிவிடும் என்ற நம்பிக்கையில் அரையிறுதிகளும் இறுதியும் கடல் கடந்து போயின. வளைகுடாவில் வேலை செய்யும் மலையாளிகள் திரண்டு வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் நியாயமானதுதான். ஆனால் கேரளம் புவனேஸ்வரில் நடந்த குழுச் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. கர்நாடகத்துக்கும் மேகாலயாவுக்கும் ரியாத்தில் கைதட்டப் போதிய ஆள் இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நாம் ஆடும் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பருவம் முடிந்ததும் ‘பவுல்’ என்ற பெயரில் ஆட்டங்கள் நடக்கும். 1902-ல் கலிஃபோர்னியாவில் ஒன்றாகத் தொடங்கியது இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. இரு கல்லூரிகளுக்கும் சொந்தமில்லாத ஏதோ ஒரு நகரத்தில், கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி ஆட்டம் வைப்பார்கள். 2014-ல் சாம்பியனைத் தீர்மானிக்க நான்கு அணி நாக்-அவுட் சுற்று வந்ததும், மற்ற பவுல்களில் வென்றால் என்ன, தோற்றால் என்ன என்ற நிலை உண்டானது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகவிருந்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, லெனார்ட் ஃபோர்னெட் போன்ற நட்சத்திரங்கள் 2016-ல் காயத்துக்கு அஞ்சி ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு அதுவே வழக்கமானது. 2025 டிசம்பரில், நாக்-அவுட் சுற்றில் இடம் கிடைக்காத நோட்டர் டேம் கல்லூரி, பவுல் அழைப்பையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீரருக்கே வேண்டாத ஆட்டத்துக்கு ரசிகர் ஏன் விமானம் ஏறி வர வேண்டும்?

அதே அமெரிக்காவில் மாற்று மருந்தும் கிடைத்திருக்கிறது. 2024-ல் நாக்-அவுட் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோது, முதல் சுற்று ஆட்டங்கள் பொது நகரங்களுக்குப் போகாமல், தரவரிசையில் மேலே உள்ள கல்லூரியின் சொந்த மைதானத்தில் நடந்தன. டிசம்பர் மாத உறைபனிக் குளிரில் பென் ஸ்டேட்டிலும் ஒகையோ ஸ்டேட்டிலும் தலா ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். நம்மூர் ஐ.எஸ்.எல்.லும் இதையே வேறு வழியில் கற்றுக்கொண்டது. 2019 இறுதியில் மோதியவை பெங்களூருவும் கோவாவும். ஆட்டம் நடந்ததோ மும்பையில், ஒரு சிறிய அரங்கில். பின்னர் லீக் கட்டத்தில் மேலே முடித்த அணியின் ஊரிலேயே இறுதி ஆட்டம் வைக்கப்பட்டது. 2024 மே மாதம் கொல்கத்தா சால்ட் லேக் அரங்குக்கு ஏறத்தாழ 62,000 பேர் வந்தார்கள். சொந்த ஊர் அணிக்கு இது அநியாயச் சலுகை ஆகாதா என்று கேட்கலாம். பருவம் முழுக்க ஆடி ஈட்டிய உரிமை அது என்பது ஒரு பதில். அந்த 62,000 பேர் முன்னால் உள்ளூர் அணியான மோகன் பகானை மும்பை சிட்டி 3-1 என்று வீழ்த்தியது இன்னொரு பதில். 2018-ல் பெங்களூருவின் கோட்டைக்குள் புகுந்து 3-2 என்று கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி. அணியை நம் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்து எழும் மறுப்பு வலுவானது. நட்சத்திரம் இல்லாத ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? 2025 ஜனவரி 30 அன்று டெல்லியில் ரஞ்சி கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் குவிந்ததே, விராட் கோலி ஆடியதால்தானே? ஆமாம், அவரால்தான். மறுநாள் அவர் 6 ரன்னில் ஸ்டம்பைப் பறிகொடுத்ததும் கூட்டம் எழுந்து போனதும் அவரால்தான். நட்சத்திரத்துக்காக வரும் கூட்டம் அவரோடு வந்து அவரோடு போய்விடும். அதை நம்பி ஒரு போட்டியின் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது. மஞ்சேரியில் நடந்தது வேறு. அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஜெசின் ஐந்து கோல் அடித்தார். கேரளம் 7-3 என்று வென்றது. அதுவரை கேரளத்துக்கு வெளியே அந்தப் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. அவர் நட்சத்திரம் என்பதால் கூட்டம் வரவில்லை. கூட்டம் வந்திருந்ததால் அன்றிரவே அவர் நட்சத்திரமானார்.

தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கிற காலத்தில் அரங்கு நிறைந்தால் என்ன, காலியாக இருந்தால் என்ன என்ற கேள்வியும் உண்டு. பவுல் ஆட்டங்களைப் பொறுத்தவரை அது பொருந்தும். அவற்றில் பலவற்றை இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி நிறுவனமே சொந்தமாக நடத்துகிறது. விடுமுறை நாளில் வீட்டில் பார்ப்பவர்களின் எண்ணிக்கையே அதற்கு லாபம் தருகிறது. சந்தோஷ் கோப்பைக்கு அப்படி ஒரு கொழுத்த ஒளிபரப்பு வருமானம் கிடையாது. அதன் ஒரே மூலதனம் “இது என் மாநிலம்” என்று கத்துகிற தொண்டை. 2016-17 ரஞ்சிப் பருவத்தில் எல்லா ஆட்டங்களையும் மூன்றாம் மாநிலங்களில் வைத்துப் பார்த்த கிரிக்கெட் வாரியம், அடுத்த பருவமே பழைய முறைக்குத் திரும்பியது. உள்ளூர் ஆதரவு இல்லாத உள்நாட்டுப் போட்டி ஓடாது என்பதைப் பணம் கொழிக்கும் கிரிக்கெட்டே ஒப்புக்கொண்டபோது, கால்பந்துக்கு அதை மறுக்க வசதி இல்லை.

சந்தோஷ் கோப்பைக்குச் சொந்த மைதான முறையை அப்படியே பொருத்த முடியாது. இறுதிச் சுற்று முன்பே முடிவான ஓரிரு ஊர்களில், அடுத்தடுத்த நாட்களில் நடக்கும் தொடர்; எந்த அணி முன்னேறும் என்று முன்கூட்டித் தெரியாது. கேரளம் மட்டுமே ஆண்டுதோறும் நடத்தவும் முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்த மாநில அணி வந்தாலும் அதற்கு ஆள் இருக்கிற ஊர் எது? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டையும், அதன் நடுவே இருக்கும் பிள்ளைப்பாக்கமும் என்பது என் பதில். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களில் தென்மாவட்டத்துக்காரர்களோடு ஒடிசா, வங்காளம், ஜார்கண்ட், அசாம் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். சென்னை நேரு அரங்கில் வங்காளமும் ஒடிசாவும் மோதினால் அது சென்னைவாசிக்கு யாரோ ஆடும் ஆட்டம். பிள்ளைப்பாக்கத்தில் மோதினால், ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிற இரண்டு பேருக்கு இடையிலான மானப் பிரச்சினை.

இந்தத் திட்டத்தின் பலவீனங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இங்கே பெரிய கால்பந்து அரங்கு இல்லை. ஆனால் மலபாரில் எழுவர் அணிகள் ஆடும் செவன்ஸ் கால்பந்து தற்காலிகக் கேலரிகளை நம்பியே பல தலைமுறைகளாகக் கூட்டத்தை இழுக்கிறது. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டுச் சில ஆயிரம் பேருக்கான இரும்புக் கேலரியும் நல்ல புல்தரையும் விளக்குக் கம்பங்களும் போதும். அறுபதாயிரம் இருக்கை தேவையில்லை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வருகிறவருக்கு ஆட்டம் பார்க்கத் தெம்பு ஏது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதனால்தான் நேர அட்டவணை முக்கியம். வேலைநாள் நண்பகலில் ஆட்டத்தை வைத்துவிட்டு ரசிகர் வரவில்லை என்று வருந்துவது வீண். முதல் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுகிறவர் அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குத் தோதாக மாலை ஏழு மணி ஆட்டமும், ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஆட்டங்களும் வைக்கலாம். தொழிலாளர்களைத் தினமும் ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள் ஏற்கெனவே ஓடுகின்றன; ஆட்ட நாளில் அவற்றை மைதானம் வரை நீட்டிப்பது நிர்வாகங்களுக்குப் பெரும் செலவல்ல.

ஒரேயடியாக இறுதி ஆட்டத்தை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு தகுதிச் சுற்றுக் குழுவை, முடிந்தால் கிழக்கு மாநில அணி ஒன்றும் சேர்ந்திருக்கும்படி, முதலில் இங்கே நடத்திப் பார்க்கட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மைதானத்துக்கும், சிப்காட் இடத்துக்கும், தொழிற்சாலைகள் பஸ்ஸுக்கும் பொறுப்பேற்றால் ஒரே பருவத்தில் விடை தெரிந்துவிடும். கூட்டம் வராவிட்டால் இழப்பு சிறியது. வந்துவிட்டால், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அடுத்த இறுதிச் சுற்றுக்கான ஊரை வெளிநாட்டில் தேட வேண்டியிருக்காது.