ஒரு பகல் பிரயாணம்

பிரயாணக் கட்டுரை எழுதுவது சுலபம் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ பரவிவிட்டது. விடியற்காலையில் காரைக்குடியில் கார் ஏறுகிறார்கள். கீழக்கரையில் பழைய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, பாம்பன் பாலத்தில் நின்று கடலை வியந்து, ராமேசுவரத்தில் தீர்த்தமாடி, தனுஷ்கோடி மணலில் ஒரு பெருமூச்சு விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். மறு வாரம் கட்டுரை வந்துவிடுகிறது.

ஒரே பகலில் பார்த்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் கட்டுரைகளில் கல் இருக்கிறது, கடல் இருக்கிறது, மனிதன் எங்கே?

கீழக்கரைக்குப் 'பழைய துறைமுகம்' என்று ஒரு வரி கிடைக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டுகோலாக இருந்த வள்ளல் சீதக்காதி அவ்வூர்க்காரர். கடல் வாணிபத்தில் வந்த பொருள் காவியத்துக்கு உதவிய ஊரை ஒரு வரியில் முடித்துவிடலாமா?

மண்டபத்துக்கு அந்த ஒரு வரியும் இல்லை. கார் அங்கே நிற்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்த முகாம் அது. பின்னாளில் இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்த அகதிகளும் அதே முகாமில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். போனவர்களையும் வந்தவர்களையும் கண்ட இடம், ஊர் சுற்றுகிறவர் கண்ணில் படவில்லை.

தனுஷ்கோடியோ வெறும் இடிபாடாகிவிட்டது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் அங்கே ரயில் நிலையம் இருந்தது, தபாலாபீஸ் இருந்தது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், போட் மெயிலில் வந்தவர்கள் அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள். கொழும்புக் கடைக்குப் போகும் செட்டிநாட்டுப் பெட்டியடிப் பையனுக்கு அது இலங்கையின் வாசற்படி. காரைக்குடியிலிருந்து போகிற எழுத்தாளருக்கே இந்த ஞாபகம் வராவிட்டால் வேறு யாருக்கு வரும்?

"வாசகன் பொழுதுபோக்கத்தானே படிக்கிறான்?" என்பார்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியாரையும் வாசகர்கள் ரசித்துத்தான் படித்தார்கள். உலகம் சுற்றிய அவர் தம்மைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, கண்ட மனிதர்களை முன்னால் நிறுத்தினார். எளிய வாக்கியம், சின்னச் சின்னத் தகவல், மெல்லிய நகைச்சுவை. அவ்வளவுதான் அவர் சரக்கு.

நம் ஒரு பகல் யாத்திரிகர்கள் அவரை ஒரு முறை படித்துவிட்டுக் கார் ஏறட்டும். மண்டபத்தில் பத்து நிமிஷம் இறங்கி நிற்கட்டும். கட்டுரை தானாகவே வேறு மாதிரி வரும்.