கப்டன் மறைந்தான், ஹாஜிகள் எங்கே?

1694ஆம் ஆண்டு லண்டனில் ஒற்றைத் தாளில் அச்சடித்து விற்ற பாட்டொன்று இருக்கிறது. ஹென்றி எவ்ரி என்ற கப்டன் தானே கட்டியது என்று தலைப்பிலேயே சொல்லிக்கொள்ளும் பாட்டு. பதின்மூன்று கண்ணிகள். சனங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு மெட்டில் பாடலாம். நாட்குறிப்பால் பெயர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் சேர்த்துவைத்த பாட்டுத்தாள்களுள் இதுவும் ஒன்று. அந்தத் தொகுப்பு இன்று கேம்பிரிட்ஜ் மக்டலீன் கல்லூரியில் இருக்கிறது. கடற்பாட்டுகளை விரும்புகிறவர்கள் இதைத் துணிச்சற்காரன் ஒருவன் ஊருக்குச் சொல்லும் ஸலாமாகவே கேட்டுவந்திருக்கிறார்கள். நாம் அப்படிக் கேட்டுவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் இந்தக் கப்டன் அடுத்த வருடம் கொள்ளையிட்ட கப்பல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல்.

முதலில் பாட்டுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். அது பொன் தருவதாகச் சொல்லி ஆள் சேர்க்கும் அழைப்போடு தொடங்குகிறது. ‘ஃபேன்சி’ என்ற கப்பலின் அழகையும் வேகத்தையும் புகழ்கிறது. கொஞ்சத்தில் குரல் மாறி, கப்டனே “நான்” என்று பேச ஆரம்பிக்கிறான். பிளிமத் துறைக்கு விடை சொல்கிறான். அங்குள்ள காணியில் தனக்கும் ஒருகாலத்தில் பங்கு இருந்ததாம். இப்போது சொந்த மண்ணே தன்னைத் தள்ளிவிட்டதாம். குளிர்ந்த கடலை விட்டு வெப்பமான கடல்களுக்கு, பாரசீகப் பக்கம்வரை போகப்போவதாக அறிவிக்கிறான். கடைசிக் கண்ணியில் நாட்டைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறான். இனித் தன் சீவியம் வாளால்தான் என்று முடிக்கிறான்.

இந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. எவ்ரி வேலை செய்த ‘சார்ள்ஸ் II’ என்ற கப்பல், லண்டன் முதலாளிகள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு அனுப்பிய கப்பல்களில் ஒன்று. அது ஸ்பெயினின் கொருன்னாத் துறையில் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்தது. மாலுமிகளுக்குச் சம்பளம் வரவில்லை. அவர்களுடைய மனைவிமார் லண்டனில் மனுக் கொடுத்தும் பயன் கிடைக்கவில்லை. 1694 மே 7இல் எவ்ரியின் தலைமையில் கலகம் செய்து கப்பலைக் கைப்பற்றினார்கள். அதற்கு ‘ஃபேன்சி’ என்று பெயர் மாற்றினார்கள். உழைத்த கூலி கிடைக்காதவனின் கோபம் எங்கட ஆக்களுக்கும் விளங்கும். அரபு நாட்டில் மாதச் சம்பளம் நிலுவையில் கிடக்க, வெறுங்கையோடு வந்து இறங்கியவர்கள் இல்லாத ஊர் நம்மிடையே குறைவு. பாட்டின் பலமே இதுதான். ஒரு மெய்யான மனக்குறையின் மேல் ஏறி நிற்கிறது.

ஆனால் பாட்டு அந்த மனக்குறையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறது? பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், போர்த்துக்கேயர் ஆகியோரோடு, கிறிஸ்தவர் அல்லாத எல்லாரையும் ஒரே சொல்லில் சுருட்டி, அவர்களோடும் சாகும்வரை யுத்தம் என்கிறது. ஏமாற்றியவர்கள் லண்டன் முதலாளிகள். கடனை அறவிடப் போவதோ வேறு கடலில், வேறு மனிதரிடம். இந்தத் திருப்பத்தைப் பாட்டு விளக்குவதில்லை. மெட்டு இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் கேட்பவன் அதைத் தாண்டிவிடுகிறான். பாட்டுக் கலை செய்யக்கூடிய சூழ்ச்சி இதுதான்.

இன்னொரு கண்ணி இன்னும் கூர்மையானது. அந்தக் காலத்தில் அரசன் கொடுத்த அனுமதிப் பத்திரம் கையில் இருந்தால் எதிரிநாட்டுக் கப்பலைக் கொள்ளையிடுவது சட்டபூர்வமான தொழில். பத்திரம் இல்லாவிட்டால் தூக்கு. எவ்ரி தன் பத்திரத்தைத் தானே எழுதிக்கொண்டதாகவும், அது உலகம் முடியும்வரை செல்லும் என்றும் பாடுகிறான். சிரிப்பு வருகிற இடம். அரசர்களின் பத்திரமும் இதைவிடப் பெரிதாக என்ன நியாயம் வைத்திருந்தது என்று கேலி பண்ணுவதாகவும் வாசிக்கலாம். ஆனால் அதே பாட்டில், சிவப்புக் கொடி ஏறிய பிறகு உயிருள்ள எதையும் மிச்சம் வைக்கமாட்டோம் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. அதற்கு அப்பத்தின் மீதும் திராட்சை இரசத்தின் மீதும் சத்தியம் செய்திருக்கிறார்களாம். கேலியும் கொலையும் ஒரே மெட்டில் வருகின்றன. பாடுகிறவன் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் தாளம் போடுவான்.

1695 செப்டெம்பரில் பாட்டு நிஜமாயிற்று. மொக்காவிலிருந்து சூரத்துக்குத் திரும்பிய கப்பல்களை எவ்ரியும் அவனோடு கூட்டுச் சேர்ந்த வேறு கொள்ளைக் கப்பல்களும் செங்கடல் வாயில் காத்திருந்து துரத்தின. முதலில் அகப்பட்டது சூரத்தின் பெரும் வணிகர் அப்துல் கபூருக்குச் சொந்தமான ஃபத்ஹ் முஹம்மத். அடுத்தது ஔரங்கசீப் பாதுஷாவின் கன்ஜே ஸவாயி. சூரத்திலிருந்து போன கப்பல்களில் அதைவிடப் பெரியது இல்லை என்பார்கள். அதில் வணிகர்களும் இருந்தார்கள். ஹஜ் செய்து திரும்பிய ஆண்களும் பெண்களும் இருந்தார்கள்.

அங்கே நடந்ததை நம் பக்கமிருந்து எழுதிவைத்தவர் காஃபி கான். அவருடைய பாரசீக வரலாறான முன்தகபுல் லுபாபில் அந்தப் பகுதி வருகிறது. கப்பலில் எண்பது பீரங்கிகள் இருந்தும் ஒரு பீரங்கி வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றது, கொள்ளையர் ஏறினார்கள், நாட்கணக்காகச் சூறையாடினார்கள், பெண்களை மானபங்கம் செய்தார்கள், மானத்தைக் காக்கச் சில பெண்கள் கடலில் குதித்தார்கள், சிலர் கத்தியால் உயிரை முடித்துக்கொண்டார்கள். போன பணம் ஐம்பத்திரண்டு இலட்சம் ரூபா என்று அவர் எழுதுகிறார்.

காஃபி கானிடம் மதிக்க வேண்டிய ஒன்று உண்டு. தன் பக்கத்து அவமானத்தை அவர் மூடி மறைக்கவில்லை. கப்பலின் தலைவன் இப்றாஹீம் கான் கீழ்த்தட்டுக்கு ஓடினான் என்றும், மொக்காவில் விலைக்கு வாங்கிவந்த பெண்களுக்குத் தலைப்பாகை கட்டிச் சண்டைக்கு அனுப்பினான் என்றும் எழுதுகிறார். அந்தப் பெண்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு தரம் சந்தையில் விற்கப்பட்டார்கள். மறுதரம் ஒரு கோழையின் கேடயமானார்கள். அதற்குப் பிறகு கொள்ளையர் கையில். அவர்களுக்கு லண்டனிலும் பாட்டில்லை, சூரத்திலும் பாட்டில்லை. ஹாஜிகளின் கப்பல் என்று நாம் கண்ணீர் விடுகிறபோது, அதே கப்பலில் அடிமையாக வந்தவர்களையும் எண்ணாமல் விட்டால் நம்முடைய கண்ணீரும் அரைக் கண்ணீர்தான்.

வழக்கு நடந்த விதம் பாட்டுக்கு ஓர் உரை எழுதியது போல இருக்கிறது. கோபங்கொண்ட முகலாய அரசு சூரத்தில் இருந்த ஆங்கிலக் கம்பனிக்காரரைச் சிறைவைத்தது, வியாபாரம் நின்றது. அதனால் 1696இல் எவ்ரியின் தலைக்கு 500 பவுண் விலை வைக்கப்பட்டது. கம்பனி அதை இரட்டித்தது. அகப்பட்ட அவனுடைய ஆட்கள் ஐவர் ஒக்டோபர் 19இல் லண்டனில் விசாரிக்கப்பட்டார்கள். குற்றம்: கன்ஜே ஸவாயியைக் கொள்ளையிட்டது. ஜூரிகள் விடுதலை என்றார்கள். அதிகாரிகள் பதறிப்போய், சில நாட்களுக்குள் அதே ஆட்களை வேறொரு குற்றத்துக்கு நிறுத்தினார்கள்: ‘சார்ள்ஸ் II’ என்ற ஆங்கிலக் கப்பலைத் திருடியது. இந்தத் தடவை குற்றவாளிகள். நவம்பர் 25இல் ஐவரும் தேம்ஸ் கரையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஆக, ஹாஜிகளைச் சூறையாடியதற்காக அந்த மன்றத்தில் அவர்கள் எவரும் தண்டனை பெறவில்லை. தண்டனை ஆங்கில முதலாளிகளின் கப்பலுக்காகவே. இதைச் சரியாக விளங்கிக்கொண்டவன், தூக்குமேடையில் நின்ற ஜோன் ஸ்பார்க்ஸ் என்ற கொள்ளையன்தான். கப்பலைக் களவெடுத்ததை விட, அந்த இந்தியர்களுக்கும் அவர்களுடைய பெண்களுக்கும் செய்த கொடுமைக்காகவே தனக்கு இந்த மரணம் தகும் என்ற கருத்தில் அவன் கடைசி வாக்குமூலம் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. ஜூரிகள் காணாததை, குற்றம் செய்தவனின் மனச்சாட்சி கண்டது. அவனைப் பற்றி இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள்?

பேச்சு முழுவதும் கப்டனைப் பற்றியதுதான். எவ்ரி அகப்படவில்லை. பஹாமாஸ் போய், ஆளுநருக்கு இலஞ்சம் கொடுத்துத் தங்கி, 1696இல் அயர்லாந்தில் கரையிறங்கினான். பிறகு தடயம் இல்லை. அந்த வெற்றிடத்தில் கதைகள் முளைத்தன. மடகாஸ்கரில் அரசனாக இருக்கிறான் என்றார்கள். பாதுஷாவின் வீட்டு இளவரசியை மணந்தான் என்றார்கள். 1712இல் ‘வெற்றிபெற்ற கடற்கொள்ளையன்’ என்று நாடகமே போட்டார்கள். 1724இல் வந்த கடற்கொள்ளையர் வரலாறு மட்டும், வைரங்களை வியாபாரிகளிடம் ஏமாந்து, சவப்பெட்டி வாங்கவும் காசில்லாமல் செத்தான் என்று எழுதியது. 2016இல் வந்த ‘அன்சார்ட்டட் 4’ வீடியோ விளையாட்டில் எங்கட பொடியன்மாரும் அவனுடைய புதையலைத்தான் தேடுகிறார்கள்.

இளவரசிக் கதையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கப்பலில் பெண்களுக்கு நடந்தது என்ன என்பது காஃபி கானிடமும் ஸ்பார்க்ஸின் வாக்குமூலத்திலும் இருக்கிறது. அதே சம்பவம் சில வருடங்களில் கலியாணக் கதையாக மாறிவிட்டது. வன்முறையை மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார வைத்த கதை அது. இதற்கான வாசலை 1694ஆம் ஆண்டுப் பாட்டே திறந்து வைத்திருந்தது. அதில் போவது உண்டு, திரும்பி வருவது இல்லை. தங்கள் பெயர் வானமெல்லாம் பரவும் என்ற ஆசை உண்டு, முடிவு இல்லை. முடிவில்லாத பாட்டின் தலைவன் சாகமாட்டான், மறைவான், அவ்வளவுதான். மறைந்தவனிடம் கணக்குக் கேட்கவும் முடியாது.

இலங்கைத் தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு தனி அறிவு உண்டு. ‘காணாமல் போனார்’ என்பதற்கும் ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்பதற்கும் உள்ள தூரத்தை இந்த நாட்டின் தாய்மார் தெருவில் நின்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். முதலாவதில் செய்தவன் இல்லை. இரண்டாவதில் செய்தவன் ஒருவன் மறைந்து நிற்கிறான். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டவர்களில் ஹஜ் முடித்து வீடு வந்துகொண்டிருந்தவர்களும் இருந்தார்கள் என்பதைக் காத்தான்குடி மறக்கவில்லை. அந்த இலக்கணத்தோடு எவ்ரியின் கதையை வாசித்தால் விஷயம் வெளிச்சமாகிறது. கப்டன் காணாமல் போனான். ஹாஜிகள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். முன்னூறு வருடமாகப் பாட்டும் கதையும் முதலாவது வினைச்சொல்லை மட்டுமே பாடிக்கொண்டிருக்கின்றன.

இதே அளவுகோலை நம் பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது விமர்சனமாகாது, கட்சிப் பேச்சாகிவிடும். 1530களில் மாயாதுன்னைக்கு உதவிக்கு வந்த சாமூதிரியின் கடற்படையில் மரைக்காயர்கள் இருந்தார்கள். போர்த்துக்கேயர் அவர்களைக் கடற்கொள்ளையர் என்று எழுதினார்கள். நாம் வீரர்கள் என்கிறோம். நமக்கு நியாயம் இருக்கிறது. ஹஜ் பாதையைப் போர்த்துக்கேயர் எப்படி மறித்தார்கள் என்று அந்த நூற்றாண்டிலேயே மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம் துஹ்ஃபதுல் முஜாஹிதீனில் எழுதியிருக்கிறார். ஆனாலும் 1600இல் கோவாவில் கொல்லப்பட்ட கடைசிக் குஞ்ஞாலியைப் பற்றி நாம் பாட்டுக் கட்டும்போதும், படம் எடுக்கும்போதும், அவர் மறித்த கப்பல்களில் இருந்த சாதாரண மாலுமிக்கு ஒரு கண்ணியாவது விடுகிறோமா? விடாவிட்டால் எவ்ரியின் பாட்டுக்கும் நம்முடைய பாட்டுக்கும் இடையே மெட்டு மட்டும்தான் வேறு.

வேறு எப்படிச் சொல்லலாம் என்பதற்கு நமக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிற சூறத்துல் கஹ்ஃபில் ஒரு கப்பல் வருகிறது. அதற்குப் பின்னால் கப்பல்களைப் பலவந்தமாகப் பிடுங்கும் அரசன் ஒருவனும் வருகிறான். அந்த அரசனுக்குக் குர்ஆன் பெயர் தரவில்லை. அவன் எங்கே போனான், எப்படி முடிந்தான் என்றும் சொல்லவில்லை. கப்பற்காரர்களுக்கும் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் யார் என்பது சொல்லப்படுகிறது: கடலில் உழைத்துச் சீவித்த மிஸ்கீன்கள். கப்பலில் ஓட்டை விழுந்ததே அவர்களைக் காப்பதற்காகத்தான். கொள்ளையனைப் பெயரில்லாமல் விட்டு, கப்பலில் இருந்த ஏழைகளைப் பற்றிப் பேசுகிற சொல்முறை அது.

2014இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பழைய பழத்தோட்டம் ஒன்றின் மண்ணிலிருந்து சின்ன வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. 1693இல் யெமனில் அடித்தது. அதன்மேல் அரபு எழுத்து. எவ்ரியின் ஆட்கள் கொண்டுபோயிருக்கலாம் என்று கருதுகிறார்கள். செய்தி எழுதியவர்கள் அதைக் கப்டன் மறைந்த மர்மத்துக்கான துப்பாகக் கொண்டாடினார்கள். அந்தக் காசு எவருடைய மடியிலிருந்து, எவருடைய முந்தானை முடிச்சிலிருந்து பறிக்கப்பட்டது என்ற கேள்வியிலிருந்து வேறொரு பாட்டைத் தொடங்கலாம். அதை எழுத வேண்டியவர்கள் அந்தக் கப்பலின் சனத்தைத் தங்கள் சனமாக நினைப்பவர்கள். இன்னும் ஒருவரும் எழுதவில்லை என்றால், கேள்வி எங்களைப் பார்த்துத்தான்.